ஓர் அங்குல மரபுரிமை

அநீதிக்கு ஆளானவர்: திருமதி நேசம் சந்தியாப்பிள்ளை, வயது ஐம்பத்தாறு, இலக்கம் 27/3, கொட்டாஞ்சேனை, கொழும்பு 13. அநீதியின் விவரம்: அவருடைய கராஜ் சுவரில் இருந்த ஓர் ஓட்டையை, அவர் சுண்டுவிரலை அதற்குள் விட்டுப் படம் எடுத்துக் காட்டிய பிறகும், ஓட்டை என்று ஒப்புக்கொள்ள உரிய அதிகாரிகள் மறுத்தமை.

இதெல்லாம் ஓர் அநீதியா என்று சிலர் முகம் சுளிக்கலாம். அவர்கள் இன்னும் ஓர் அரசாங்கக் கந்தோர்ப் படியும் ஏறாத பாக்கியசாலிகள். ஏறியவர்களுக்காக மிச்சத்தைச் சொல்கிறேன்.

நேசமக்கா இருபத்திரண்டு வருடம் ஒரு ஹோட்டலின் கேக் பகுதியில் வேலை செய்தவர். அந்த ஹோட்டல் கடந்த ஓகஸ்டில் ஒரேயடியாகக் கதவைச் சாத்தியபோது, முகாமையாளர் கையை விரித்தார். "அக்கா, தாறதுக்கு ஒண்டும் இல்லை. வேணுமெண்டால் அந்தக் கரண்ட் போறணையைக் கொண்டுபோங்கோ" என்றார். கேக் வேகவைக்கும் பெரிய மின்அடுப்பைத்தான் அப்படிச் சொன்னார், அதுவும் ஏதோ மரியாதைக்கு. நேசமக்கா அடுத்த நாளே லொறியோடு போய் நின்றார். ஆறு பேர் தூக்கிவந்து கராஜுக்குள் இறக்கினார்கள். அந்தக் கராஜில் கார் நின்றதாக யாருக்கும் நினைவில்லை. ஒரு துருப்பிடித்த சைக்கிளும், யேசுபாலன் குடிலுக்கு விரிக்கும் பழைய சாக்குகளும்தான் அங்கே வசித்தன. போறணை அவற்றின் நடுவே ராசா மாதிரி உட்கார்ந்தது. கரண்ட் மட்டும்தான் இல்லை.

நேசமக்கா காரியத்தில் இறங்கினால் பின்வாங்குகிறவர் அல்ல. முந்திரிகைவற்றல், இஞ்சிப்பாகு, சீனிப்பாகில் காய்ச்சிய பூசணித்தோசி எல்லாவற்றையும் வெட்டிப் பெரிய கண்ணாடிச் சாடியில் பிராந்தி ஊற்றி ஊறப்போட்டார். நாற்பத்தொரு வீட்டுக்கு டிசெம்பர் இருபத்தைந்துக்கு நத்தார் கேக் தருவதாக வாக்கும் கொடுத்துவிட்டார். இந்த நத்தாருக்கு வாக்குத் தவறினால் அடுத்த நத்தாருக்கு ஒருவரும் எட்டிப் பார்க்கமாட்டார்கள். ஐம்பத்தாறு வயதில் இன்னொரு ஹோட்டல் அவரைக் கூப்பிடப் போவதும் இல்லை. ஆக, அவருடைய மிச்ச வாழ்க்கை முழுவதும் அந்தப் போறணையின் வயர் நுனியில் தொங்கிக்கொண்டிருந்தது.

ஜிந்துப்பிட்டியிலிருந்து வயரிங் பாஸ் புஷ்பராஜ் வந்தார். காதில் பென்சில், கையில் டோர்ச். நேசமக்காவின் வீட்டில் மீட்டரும் பிரேக்கர் பெட்டியும் வாசல் கேற்றைத் தாண்டியதும் வரும் நடையில் இருக்கின்றன. அந்த நடைக்கும் கராஜுக்கும் நடுவில் ஒரேயொரு சுவர். புஷ்பராஜ் டோர்ச்சை அடித்துப் பார்த்துச் சிரித்தார்.

"அக்கா, ஒங்களுக்கு லக் அடிச்சிருக்கு. ஓட்ட ரெடியா இருக்கு பாருங்க. பெட்டியில இருந்து ஒரு பைப்ப எடுத்து, இதால உள்ள விட்டு, போறணக்கிட்ட எறக்கிட்டா சரி. செவத்துக்கு உளியே தேவல்ல. அர நாள் வேல."

"ஆர் போட்ட ஓட்டை இது? நாங்க குடிவந்த நேரமே இருந்தது."

"யாரு போட்டா என்னக்கா? ஓட்டைக்குக் காணி உறுதியா எழுதுறாங்க?" என்றவர், திடீரென்று தலையைச் சொறிந்தார். "ஆனா ஒன்னு. இந்தப் போறணை இழுக்குற இழுவைக்கு லைன பெருசாக்கணும். ஒங்க ஒழுங்கை இப்ப மரபு ஒழுங்கையாமே? செவத்துல கை வைக்க மரபுக் கந்தோர்க் கடிதம் இல்லாம மீட்டர மாத்தித் தரமாட்டாங்க."

இங்கே கொஞ்சம் நின்று மரபு பற்றிச் சொல்லவேண்டும். சென்ற பங்குனியில் 'மரபுச் சுவர்கள் பேணல் மற்றும் துவாரங்கள் ஒழுங்குபடுத்தல் அலகு' அந்தக் குறுகிய ஒழுங்கையின் வாயில் ஒரு மண்ணிறப் பலகையை நட்டது. அன்றிலிருந்து சனிக்கிழமை காலைகளில் பனையோலைத் தொப்பியும் கசங்கிய லினன் சேர்ட்டும் அணிந்த கூட்டம் ஒன்று மெல்ல மெல்ல நடந்துவரத் தொடங்கியது. இதற்கு 'மரபு நடை' என்று பெயர். சுண்ணாம்பு உதிர்ந்த சுவரைக் கண்டால் இவர்கள் நெஞ்சில் கைவைத்து நிற்பார்கள். ஒழுங்கையின் கடைசித் தொங்கலில் புதிதாகத் திறந்த கோப்பிக் கடைக்காரர் நல்ல புதுச் சுவரைக் கட்டி, அது உதிர்ந்ததுபோல் தெரிவதற்கு நாலு நாள் பெயின்ட் அடித்தார். நேசமக்காவின் சுவர் எவருடைய உதவியும் இல்லாமல் தானாகவே உதிர்ந்தது. அதற்கு ஒருவரும் அவருக்கு நன்றிக் கடிதம் அனுப்பவில்லை.

சட்டப்படி நடக்கும் மனிசி என்பதால் நேசமக்கா சேலை மாற்றி, குடையும் எடுத்துக்கொண்டு அலகுக்குப் போனார். வாசலில் காவலாளி, "அக்கே, ஒதன வாடிவென்ன" என்று ஒரு நாற்காலியைக் காட்டினார். உட்கார்ந்தார். டோக்கன் இலக்கம் ஒன்பது. திரையில் எட்டுக்குப் பிறகு முப்பத்தொன்று வந்தது. முப்பத்தொன்றுக்குப் பிறகு தேநீர் இடைவேளை வந்தது. பதினொன்றரைக்கு ஒன்பது வந்தபோது, உள்ளே மேசைக்குப் பின்னால் ஒஸ்வால்ட் இருந்ததைக் கண்டு நேசமக்காவுக்கு வயிற்றில் பால் வார்த்ததுபோல் இருந்தது. ஒஸ்வால்ட், ஞாயிறு பூசையில் வாசகம் வாசிக்கும் ஒஸ்வால்ட்! அது மட்டுமா? நாற்பத்தொரு வீட்டில் ஒரு வீடு அவருடையது. மூன்று கிலோ.

"என்ன தம்பி, இஞ்சையோ வேலை?"

ஒஸ்வால்ட் கண்ணாடியை நெற்றியிலிருந்து மூக்குக்கு இறக்கினார். "கந்தோரில் தம்பி இல்லை. இங்கே நான் துவார அலுவலர். நீங்கள் விண்ணப்பதாரி."

"சரி சேர்."

"விடயம்?"

"கராஜ் சுவரால ஒரு பைப் விடவேணும். போறணைக்குக் கரண்ட் எடுக்க."

"புதிய துவாரமோ?"

"இல்லை சேர். ஓட்டை ஏற்கனவே இருக்குது."

ஒஸ்வால்ட் பேனையை மூடி வைத்தார். வைத்தியர் ஒருவர் கெட்ட செய்தி சொல்லப்போகும் பாவனையில் மூச்சை இழுத்துவிட்டார்.

"இருக்கிற துவாரத்துக்கு அனுமதி தரமுடியாது. அனுமதி என்பது இல்லாத ஒன்றுக்குத்தான். இருப்பதற்கு நாங்கள் அனுமதி கொடுத்தால், இதுநாள்வரை அது அனுமதி இல்லாமல் இருந்தது என்று நாங்களே ஒப்புக்கொண்டதாகிவிடும்."

"அப்ப அனுமதி இல்லாமலே பைப்பை விடட்டோ?"

"அனுமதியற்ற துவாரத்தில் பைப் விடுவது குற்றம்." அவர் ஒரு கொப்பியைத் திறந்தார். "எந்த வருடத்துத் துவாரம்?"

"ஆருக்குத் தெரியும்?"

"தெரியவேண்டும். ஐம்பது வருடத்துக்கு உட்பட்டதென்றால் அது சட்டவிரோதத் துவாரம். தண்டம் கட்டவேண்டும். ஐம்பது வருடத்துக்கு மேற்பட்டதென்றால் மரபுத் துவாரம். அதற்குள்ளே ஒரு தூசிகூடப் போகக்கூடாது."

"தூசி இப்பவும் போய்க்கொண்டுதான் இருக்குது, சேர்."

"அதை எழுத்தில் தந்துவிடாதீங்கோ."

நேசமக்கா யோசித்தார். அவரும் வாதாடுவதில் சளைத்தவர் அல்ல. "சரி. உட்படவும் இல்லை, மேற்படவும் இல்லை. சரியாக ஐம்பது வருசம் எண்டால்?"

ஒஸ்வால்ட் இதை ஒரு நிமிடம் உண்மையிலேயே சிந்தித்தார். "அப்படி ஒரு நாள் வரும். ஆனால் ஒரேயொரு நாள்தான். அது கந்தோர் திறந்திருக்கிற நாளாகவும் இருக்கவேண்டும்."

பிறகு மனமிரங்கி ஒரு வழி சொன்னார். இருக்கிற துவாரத்தை மூடிவிட்டு, மூடிய சுவரில் புதிய துவாரம் இட விண்ணப்பிக்கலாம். மூடுவதற்கும் அனுமதி வேண்டும்தான், அதற்குச் சு.து. 7 என்று ஒரு படிவம் இருக்கிறது. நேசமக்கா படிவத்தை வாங்கி வாசித்தார். மூன்றாம் வரியில் கண் நின்றது. 'துவாரம் இடப்பட்டபோது பெற்ற அனுமதியின் பிரதியை இணைக்கவும்.'

"அந்த அனுமதிதானே சேர் இல்லை எண்டு சொல்லுறன்!"

"அதனால்தான் இந்தப் படிவத்தை இன்னும் ஒருவரும் நிரப்பித் தரவில்லை" என்றார் ஒஸ்வால்ட், பெருமையை மறைக்காமல். சுவரில் சட்டம் போட்டுத் தொங்கிய சான்றிதழைக் காட்டினார். "தேங்கிய விண்ணப்பம் ஒன்றுகூட இல்லாத அலகு. போன வருடம் விருது கிடைத்தது."

நேசமக்கா விடவில்லை. வெள்ளைத் தாளில் நடந்ததை நடந்தபடி எழுதி, சுண்டுவிரல் படத்தையும் ஒட்டி மேசையில் வைத்தார். ஒஸ்வால்ட் 'பெறப்பட்டது' என்று முத்திரை குத்தினார். நேசமக்கா எழும்பும்போது ஒஸ்வால்ட் குரலைத் தாழ்த்தினார்.

"நேசமக்கா, என்ர மூண்டு கிலோவை மறந்திடாதீங்கோ. கஜு கொஞ்சம் தாராளமாப் போடுங்கோ."

ஒக்டோபர் போனது. நவம்பரும் பாதி போனது. நேசமக்கா ஆறு தடவை அலகுக்குப் போனார். ஆறு தடவையும் விண்ணப்பம் பரிசீலனையில் இருந்தது. பரிசீலனை எந்த அறையில் நடக்கிறது, அங்கே யார் இருக்கிறார்கள், அவர்கள் சோறு தின்கிறார்களா என்றெல்லாம் கேட்டுப் பார்த்தார். அடுத்த டோக்கனைக் கூப்பிட்டார்கள். வீட்டில் சாடியைத் திறந்தால் பழங்கள் குடித்துவிட்டு நிறைவெறியில் கிடந்தன. திருநாள் முடிந்து வந்தவர்கள் மாதிரி.

ஆறாம் தடவை போய்விட்டு வந்ததற்கு அடுத்த நாள் சனிக்கிழமை. கால் இரண்டும் வீங்கி, நடையில் ஒரு ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்திருந்தார். மரபு நடை வந்து சேர்ந்தது. அதை நடத்திவருபவர் மாளிகாவத்தை ரிம்ஸான். கிழமை நாட்களில் போன் திருத்தும் கடை, சனிக்கிழமைகளில் வரலாறு. கேற் திறந்திருந்ததால் ரிம்ஸானின் கண் நடைச் சுவரில் விழுந்தது.

"ஆன்ட்டி, இந்த ஓட்ட என்னத்துக்கு ஈக்கி?"

நேசமக்கா பொய் சொல்கிறவர் அல்ல. பாவசங்கீர்த்தனத்துக்குப் போனால் சொல்லப் போதுமான பாவம் கிடைக்காமல் பக்கத்து வீட்டுக்காரியின் பாவத்தையும் சேர்த்துச் சொல்கிறவர். ஆனால் ஆறு தடவை பஸ் ஏறி இறங்கிய மனிசியிடம் அந்த நேரத்தில் அந்தக் கேள்வியைக் கேட்டிருக்கக்கூடாது.

"அதுவோ? அது ஒல்லாந்தர் போட்ட ஓட்டை" என்றார் முகத்தில் ஓர் அசைவும் இல்லாமல். "உள்ள கறுவாப்பட்டைக் கிடங்கு இருந்தது. ஒல்லாந்தத் துரை உள்ள வரமாட்டார். வேர்க்குமெல்லோ? இஞ்ச நிண்டு ஓட்டையில மூக்கை வச்சு மணந்து பாத்துத்தான் கறுவா முதலாந் தரமோ ரெண்டாந் தரமோ எண்டு சொல்லுவார்."

தொப்பிகள் அத்தனையும் ஒன்றாக மூச்சை இழுத்தன. ஒருவர் மட்டும் சந்தேகப்பட்டார். "ஆனால் இது கராஜ் அல்லவா?"

"ஒல்லாந்தருக்கும் வண்டில் ஈந்திச்சிதானே, சேர்" என்றார் ரிம்ஸான் சட்டென்று. வரலாறு இப்படித்தான் எழுதப்படுகிறது. ஓர் ஆள் எரிச்சலில் சொல்வார், இன்னோர் ஆள் அதற்கு முட்டுக்கொடுப்பார்.

லினன் அணிந்த அம்மையார் ஒருவர் குனிந்து மூக்கை ஓட்டையில் வைத்தார். கண்ணை மூடினார். "இருக்கிறது... இன்னும் இருக்கிறது. கொஞ்சம் ஈரமாக... ஆழமாக..."

அது குடிலுக்கு விரிக்கும் சாக்கு. நேசமக்கா வீங்கிய காலைத் தடவிக்கொண்டிருந்தார்.

ரிம்ஸான் எடுத்த வீடியோ ஒரு கிழமைக்குள் ஊரெல்லாம் ஓடியது. வெள்ளவத்தையிலிருந்து மூன்று தலைமுறை ஒரே வான் வண்டியில் வந்து வரிசையாக மணந்தது. கல்யாணப் படம் எடுக்கும் சோடி ஒன்று வந்து, மாப்பிள்ளை நடையிலும் பொம்பிளை கராஜிலும் நின்று ஓட்டையால் ஒருவரையொருவர் பார்த்தது. கோப்பிக் கடைக்காரர் தன் சுவரிலும் அவசரமாக ஓர் ஓட்டை போட்டு, அதற்குள் ரூம் ஸ்ப்ரே அடித்தார். இத்தனைக்கும் பிறகு அலகு சும்மா இருக்குமா? அளவுநாடாவும் மூன்று உதவியாளர்களும் சூழ ஒஸ்வால்ட் வந்து இறங்கினார்.

நேசமக்காவுக்கு மனசாட்சி குத்தியது. "சேர், அது நான் எரிச்சலில சும்மா சொன்ன கதை."

"சும்மா சொன்னதற்கு ஆதாரம் இருக்கிறதோ?"

"பொய்க்கு என்ன ஆதாரம் இருக்கும்?"

"அப்போ அது பொய் என்பதற்கு ஆதாரம் இல்லை" என்று கொப்பியில் குறித்துக்கொண்டார் ஒஸ்வால்ட். "ஆயிரத்து நானூறு பேர் மணந்திருக்கிறார்கள், அக்கா. அவ்வளவு பேருடைய மூக்கும் பொய் சொல்லுமோ?"

மூன்று மாதமாக இல்லாத ஓட்டை, மூன்றே நிமிடத்தில் முந்நூறு வருடமாக இருந்த ஓட்டையாயிற்று. 'கறுவா முகர் துவாரம்' என்று மும்மொழியில் பலகை மாட்டினார்கள். சுற்றிக் கயிறு கட்டினார்கள். தன்னுடைய வீட்டுச் சுவரிலிருந்து ஓரடி தள்ளி நிற்கவேண்டும் என்று நேசமக்காவுக்கு அறிவுறுத்தப்பட்டது. அவர் நாட்காட்டியைப் பார்த்தார். டிசெம்பர் ஆறு.

அதற்குப் பிறகுதான் அந்த அதிசயம் நடந்தது. துவாரம் இருட்டாக இருக்கிறது, படத்தில் எடுபடவில்லை என்று மேலிடத்தில் யாரோ சொன்னாராம். ஆகவே துவாரத்துக்குக் கராஜ் பக்கத்திலிருந்து ஒளியூட்டத் தீர்மானிக்கப்பட்டது. இரண்டு நாளில் மீட்டர் மாறியது. லைன் பெரிதாயிற்று. மூன்றாம் நாள் காலை, முதுகில் அலகின் பெயர் எழுதிய ஜக்கெட்டும் கையில் துளைக்கும் மெசினுமாக ஒருவர் நடைக்குள் நுழைந்தார். புஷ்பராஜ்.

"என்ன பாஸ், நீங்களும் அவங்கட ஆளாயிட்டீங்களோ?"

"கொந்தராத்து வேலதானக்கா. கொழும்பில வேற யாரு வருவா இந்த வேலைக்கு?" என்று சொல்லிக்கொண்டே மெசினைப் பிரேக்கர் பெட்டிக்கு அருகில் சுவரில் வைத்து அழுத்தினார். பழைய துவாரத்துக்கு ஆறு அங்குலம் தள்ளிப் புதுத் துவாரம் ஒன்று கர்ரென்று விழுந்தது. செங்கல் தூள் பலகைமேல் கொட்டியது.

நேசமக்கா துள்ளி எழும்பினார். "ஒஸ்வால்ட் சேர்! இதுக்கு அனுமதி?"

"இது அரச துவாரம்" என்றார் ஒஸ்வால்ட். "அரசாங்கம் அரசாங்கத்திடமே அனுமதி கேட்டால், கேட்டது யார் கொடுத்தது யார் என்று கோப்பில் குழப்பம் வரும்."

"அப்ப என்ர ஓட்டைக்கு மட்டும்..."

"உங்களுடையது விண்ணப்பம், அக்கா. அது பரிசீலனையில் இருக்கிறது."

டிசெம்பர் பதினொன்று, காலை பத்து நாற்பத்திரண்டு சுபவேளை. மின்விளக்கை ஏற்றுவதற்கு முன்னால் குத்துவிளக்கை ஏற்றினார்கள். காற்றுக்கு அது ஆறு தரம் அணைந்தது. ஆறு தரமும் உரைகள் நின்று காத்திருந்தன. கடைசியில் பிரதம அதிதி பொத்தானை அழுத்தினார். கராஜுக்குள் சுண்டைக்காய் அளவு பல்ப் ஒன்று எரிந்தது. ஓட்டை மஞ்சளாக மினுங்கியது. எல்லோரும் கைதட்டினார்கள். வெற்றிலைத் தட்டைப் பிடித்தபடி நின்ற நேசமக்கா மனதுக்குள் நாற்பத்தொரு வீட்டாரிடமும் மன்னிப்புக் கேட்டுக்கொண்டிருந்தார்.

கூட்டம் கலைந்த பிறகு புஷ்பராஜ் மட்டும் நின்றார். 'பராமரிப்பு' என்று சொல்லிவிட்டு நின்றார்.

"அக்கா, இங்க வாங்க. இந்த வயரப் பாருங்க."

"பல்ப் வயர்தானே?"

"பல்ப் வயரா? என்ர சின்ன வெரல் தண்டிக்கு இருக்கு! ஏதோ மைதானத்து லைட்டுக்குப் போட்ட கடுதாசிய அப்படியே பாத்து எழுதியிருக்காங்க. பைப்பும் அதே சைஸ். பிரேக்கரும் அதே சைஸ். இதில ஒங்க போறணை ஒன்னு இல்ல, ரெண்டு ஓடும். அந்த பல்ப் எரியுறது இந்த வயருக்குத் தெரியக்கூடத் தெரியாது."

நேசமக்கா வயரையும் போறணையையும் மாறிமாறிப் பார்த்தார். "பாஸ், இது களவெல்லோ?"

"யார்ட்ட களவு? வீடு ஒங்களது. மீட்டர் ஒங்களது. பில்லும் ஒங்க பேருக்குத்தான் வரும், பல்புக்கும் சேத்து. அவங்கட சொத்துன்னு பாத்தா அந்த ஓட்ட ரெண்டு மட்டுந்தான்."

"ஓட்டையில என்ன இருக்கு?"

"அதத்தானக்கா நானும் சொல்றேன்."

நேசமக்கா சிலுவை அடையாளம் போட்டுக்கொண்டார். "கொழுவுங்கோ."

புஷ்பராஜ் ஒழுங்கான தொழில்காரர். போறணைக்குத் தனியாக ஒரு பிரேக்கர், நிலத்துக்கு எர்த், எல்லாம் பார்த்துப் பார்த்துச் செய்தார். பின்னேரம் மூன்று மணிக்குப் போறணை ஒரு தடவை கனைத்துவிட்டு சூடேறத் தொடங்கியது. அந்தச் சத்தத்தைக் கேட்டு நேசமக்காவுக்கு அழுகை வந்தது. அழ நேரம் இல்லை. சாடியைத் திறந்தார்.

அடுத்த நாளிலிருந்து கராஜில் ரவையும் கஜுவும் முட்டையும் பூசணித்தோசியும் வெந்தன. எல்லாவற்றுக்கும் மேலே கறுவா. கறுவா என்றால் சும்மா கறுவா அல்ல. இருபத்திரண்டு வருடம் ஹோட்டல்காரன் கணக்குப் பார்த்துப் போடவிடாத அவ்வளவு கறுவா. கராஜுக்கு யன்னல் இல்லை. கதவைச் சாத்தித்தான் வேலை. அந்த வாசனை வெளியே போக ஒரேயொரு வழிதான் இருந்தது. ஓர் அங்குலம்.

சனிக்கிழமை மரபு நடை வந்தது. லினன் அம்மையார் முதல் ஆளாகக் குனிந்தார். நிமிரும்போது கன்னத்தில் கண்ணீர். ரிம்ஸான் தானும் மணந்துபார்த்தார். மனிசன் பின்னால் இரண்டடி நகர்ந்துவிட்டார்.

"அல்லாஹ்வே... ஆன்ட்டி, நீங்க சொன்னது மெய்தானா?"

"நானே இப்பதான் நம்பத் தொடங்கியிருக்கிறன், மகன்" என்றார் நேசமக்கா, கையிலிருந்த மாவைச் சேலையில் துடைத்தபடி.

இதில் வேடிக்கை என்னவென்றால், முன்னர் வந்து சாக்கை மணந்துவிட்டுப் போன ஆயிரத்து நானூறு பேரும் தாங்களும் இதே வாசனையைத்தான் முகர்ந்ததாகச் சத்தியம் செய்தார்கள். பல்கலைக்கழகக்காரர் ஒருவர் முந்நூறு வருடக் கறுவா எண்ணெய் செங்கல்லில் தங்கியிருந்து, பல்பின் சூட்டில் வெளிவருவதாகப் பத்திரிகையில் கட்டுரை எழுதினார். மன்னிக்கவேண்டும், அந்தக் கட்டுரையை நாங்கள் எல்லோரும் பகிர்ந்தோம்.

டிசெம்பர் பத்தொன்பதாம் திகதி ஒஸ்வால்ட் வந்தார். தனியாக. கயிற்றைத் தாண்டி, குனிந்து, மூக்கை வைத்தார். நெடுநேரம் எழும்பவில்லை. மற்றவர்களுக்கு அது ஒல்லாந்தர் காலம். ஒஸ்வால்டுக்கு அது போன நத்தார், அதற்கு முந்திய நத்தார், ஹோட்டல் பெட்டியில் நேசமக்கா கட்டிக்கொடுத்த எல்லா நத்தாரும்.

"நேசமக்கா" என்றார் மெல்ல. "இது..."

"உங்கட மூண்டு கிலோ, சேர். இன்னும் இருவது நிமிசத்தில இறக்கலாம்."

"சேர் எண்டு சொல்லாதீங்கோ."

கராஜ் கதவு அரைவாசி திறந்திருந்தது. ஒஸ்வால்ட் எட்டிப் பார்த்தார். பல்ப். பல்புக்குப் போகும் பைப். பைப்பிலிருந்து பிரிந்து போறணைக்குப் போகும் இன்னொரு பைப். அவர் முகம் கோப்பு மாதிரி மூடிக்கொண்டது. இன்னும் இருபத்தேழு வீட்டு கேக் போறணை ஏறவில்லை.

"தம்பி, பாத்திட்டீங்கள்தானே. செய்யிறதைச் செய்யுங்கோ."

ஒஸ்வால்ட் திரும்பி, முதுகைக் கராஜுக்குக் காட்டி நின்றார். நல்ல அதிகாரி ஒருவர் சிந்திக்கும் விதமாகச் சிந்தித்தார்.

"பார்த்தேன் என்றால் அறிக்கை எழுதவேண்டும். அறிக்கை எழுதினால் அந்தப் பைப்புக்கு யார் துவாரம் போட்டது என்று கேட்பார்கள். நான் பார்க்கவில்லை, அக்கா. முகர்ந்தேன். முகர்ந்ததற்கு எங்களிடம் படிவம் இல்லை."

நாற்பத்தொரு வீட்டுக்கும் கேக் போய்ச் சேர்ந்தது. எண்ணெய்க் கடதாசியில் சுற்றி, மேலே பூப்போட்ட கடதாசி சுற்றி, ஒவ்வொரு துண்டும் தனித்தனியாக. ஒருவர் பாக்கியில்லாமல் எல்லோரும் அடுத்த வருடத்துக்கும் இப்போதே சொல்லிவைத்தார்கள். நேசமக்கா நத்தார் அன்று போறணையை அணைத்தார். பத்து நாள் காலை நீட்டிப் படுத்தார். ஐந்து மாதத்துக்குப் பிறகு மனிசிக்கு நிம்மதியாக நித்திரை வந்தது.

தைப்பொங்கலுக்கு இரண்டு நாள் முன்னால் பதிவுத் தபாலில் ஒரு கடிதம் வந்தது. கையெழுத்து ஒஸ்வால்டுடையது, கையெழுத்துக்கு மேலே 'பணிப்பின் பேரில்' என்று இருந்தது. நேசமக்கா அதைக் கராஜுக்குள், அணைந்து கிடந்த போறணையில் சாய்ந்தபடி, புஷ்பராஜுக்கும் கேட்கும்படி வாசித்தார்.

"திருமதி நே. சந்தியாப்பிள்ளை அவர்களுக்கு,

கராஜ் சுவர்த் துவாரத்தின் ஊடாகப் போறணைக்கு மின்குழாய் கொண்டுசெல்லல் தொடர்பாகத் தாங்கள் சமர்ப்பித்த விண்ணப்பம் தீர ஆராயப்பட்டு நிராகரிக்கப்பட்டுள்ளது என்பதை இத்தால் அறியத்தருகின்றேன். ஆகவே மேற்படி கராஜில் போறணை எதுவும் இயங்குவதற்குச் சாத்தியமில்லை என்பதையும் இவ்வலகு உறுதிப்படுத்துகின்றது.

நிற்க. டிசெம்பர் 25ஆம் திகதி தொடக்கம் கறுவா முகர் துவாரத்தில் வாசனை வரவில்லை எனப் பொதுமக்களிடமிருந்து இருநூற்றுப் பன்னிரண்டு முறைப்பாடுகள் கிடைத்துள்ளன. மரபுரிமை வாசனையைத் தடை செய்வது தண்டனைக்குரிய குற்றமாகும். எனவே அலுவலக நாட்களில் காலை ஒன்பது மணி முதல் பிற்பகல் நான்கேகால் மணி வரையும், சனிக்கிழமைகளில் முழு நாளும், வாசனை தடையின்றி வெளிவருவதைக் குடியிருப்பாளர் என்ற வகையில் தாங்கள் உறுதிசெய்தல் வேண்டும். அண்மைக்கால வாசனையில் ஏலக்காய் மிகுந்திருந்ததாகவும் அவதானிக்கப்பட்டுள்ளது. ஒல்லாந்தர் காலத்துக்கு அது பொருந்தாது.

வாசனையை நிறுத்த விரும்பின், வாசனை தொடங்கப்பட்டபோது பெற்ற அனுமதியின் பிரதியை இணைத்து விண்ணப்பிக்கவும்."